காடு வெட்டப் போகும் மகளுக்கு

என் மகளே,

வெள்ளிக்கிழமை மதியம் இது. முதலாளி ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கிறார். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, பெயின்ட் டப்பாக்களுக்கும் பூட்டுகளுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். "அப்பா, அடுத்த வாரம் திங்கக்கெழம தொடங்குறோம். பதினஞ்சு வருஷமா காடாக் கெடக்குற தேயில மல. டிராக்டரும் பெரிய கட்டரும் வந்து நிக்கிது. எல்லாம் எம் பொறுப்புதான்" என்றாய். நான் "நல்லதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை அம்மாவிடம் கொடுத்தேன். அப்பாவுக்குச் சந்தோஷம் இல்லையா என்று நீ அம்மாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது. அப்போது நான் பின்பக்கத்துப் பைப்பைத் திறந்துவிட்டுத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். டிராக்டர் டிரைவர் எப்படிப்பட்ட ஆள் என்று அம்மா கேட்டாள். "ரொம்ப நல்ல அண்ணன்மா. எதச் சொன்னாலும் 'சரிங்க மிஸ்'தான். எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டாரு" என்றாய். அதைக் கேட்ட பிறகு நான் இந்த ஐந்து நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

தோட்டத்தில் நான் டிராக்டர் ஓட்டியது உனக்குத் தெரியும். ஏன் விட்டேன் என்பது தெரியாது. நீ கேட்டபோதெல்லாம், டவுனில் உன்னைப் படிக்கவைக்க வந்தோம் என்று சொன்னேன். அது பாதி உண்மை. ஏழாம் வகுப்பில் நீ எழுதிய கட்டுரை நினைவிருக்கிறதா? "என் அப்பா எதற்கும் பயப்படாதவர், மலைச் சரிவில் டிராக்டர் ஓட்டியவர்" என்று மேடையில் வாசித்தாய். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். முதலாளி கூப்பிட்டார் என்று உன்னிடம் பொய் சொன்னேன். இன்னொரு நாள், உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு ரோட்டோரத்துப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். நான் உன் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் உன் முழங்கை சுவரில் அடித்து ரத்தம் வந்தது. "என்னாப்பா, பைத்தியமா?" என்று அழுதாய். நாய் ஒன்று பாய வந்தது என்றேன். அங்கே நாயே இல்லை. அந்தச் சின்ன மெஷினின் சத்தம் போதும் எனக்கு. இப்போது உன் பொறுப்பில் இருப்பது அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது.

அந்தக் கட்டரை நீ பயிற்சியில் படத்தில் பார்த்திருப்பாய். நான் ஆறு வருஷம் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டியவன். அதன் அடியில் இரண்டு இரும்பு அலகுகள் தொங்கும். விரல் தடிமன் இருக்கும். கூர் கிடையாது. அது வெட்டுகிற மெஷின் என்று சொல்வதே தவறு, அது அடிக்கிற மெஷின். கை பருமன் உள்ள தேயிலை மரத்தையும் அடித்து நாராக்கிவிடும். அதன் முன்னால் எது கிடந்தாலும் அதற்கு ஒன்றுதான். கல் கிடந்தால் கல்லை அடிக்கும், கம்பி கிடந்தால் கம்பியை அடிக்கும், அடித்ததை எறியும். எறிந்தது எவ்வளவு தூரம் போகும் என்று ஓட்டுகிறவனுக்கும் தெரியாது. அதற்காகத்தான் முன்னும் பின்னும் நெருக்கமாகச் சங்கிலிகள் தொங்கவிட்டிருக்கும். பறக்கிற கல் அந்தச் சங்கிலியில் மோதிக் கீழே விழ வேண்டும். டிராக்டரில் இருந்து கட்டருக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு மூடி இருக்க வேண்டும். நீ துப்பட்டா போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் போகக் கூடாது. என்ஜினில் இருந்து கழற்றிவிட்ட பிறகும் அலகு உடனே நிற்காது. நின்றுவிட்டது என்று காது சொல்லும். கண்ணால் பார்க்கும்வரை கிட்டே போகாதே. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கும். இனி எழுதுவது புத்தகத்தில் இருக்காது.

அந்தத் தோட்டத்தின் பெயர் வேண்டாம். பசறைப் பக்கம் என்று வைத்துக்கொள். அடிவாரத்தில் சரிவு குறைந்த ஒரு பகுதி, பன்னிரண்டு வருஷம் கைவிட்டுக் கிடந்தது. மானாப்புல் ஆள் உயரத்துக்கு மேல். உள்ளே உண்ணிச்செடி, தண்ணீர் வடிய வெட்டிய பழைய காண், மறைந்து கிடக்கும் கல். டிராக்டரில் உட்கார்ந்தால் முன்னால் புல்லைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆகவே எனக்கு முன்னால் நடந்து பார்க்க ஓர் ஆள் இருந்தார். பெயர் சந்தனம். என்னைவிட இரண்டு வயது இளையவர், எங்கள் லயத்து வரிசையில் நாலாவது வீடு. காலையில் கத்தியோடு புல்லுக்குள் இறங்கி, கல் இருக்கும் இடம், காண் இருக்கும் இடம், கட்டை இருக்கும் இடம் எல்லாவற்றிலும் கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டிவிட்டு வருவார். "அண்ணே, இன்னிக்கு இருபத்தி மூணு துணி" என்பார். நான் துணியைப் பார்த்து ஓட்டுவேன். எனக்குப் பயமாக இருக்கும் இடங்களில் என் கையைப் பார்த்தே தெரிந்துகொண்டு, மறுபடி ஒரு தடவை உள்ளே போய் நடந்துவிட்டு வருவார். எனக்கு எப்போதும் பயம்தான். அது அவருக்கு மட்டும் தெரியும்.

பின்பக்கத்துச் சங்கிலிகள் கட்டையில் மாட்டி மாட்டி ஒவ்வொன்றாக அறுந்துவிட்டன. ஆபீசில் இரண்டு தடவை சொன்னேன். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார்கள். பழைய டயரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அதுவும் கொஞ்ச நாளில் பிய்ந்துபோனது. இதை நான் அறிந்தே ஓட்டினேன் என்பதை நீ முதலில் குறித்துக்கொள்.

அன்று மதியத்துக்குப் பிறகு மலை உச்சியில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு துண்டுதான் பாக்கி. சந்தனம் அதில் நடந்து பார்க்கவில்லை, மறுநாள் நடக்கலாம் என்று இருந்தோம். அப்போது கண்டக்கையா வந்தார். இன்றைக்கு நீ வகிக்கிற வெளிக்கள உத்தியோகத்தர் பதவிதான் அது, எங்கள் வாயில் அப்படித்தான் வரும். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே பேசினார்.

"நாளைக்குக் கொழும்புல இருந்து ஆளுங்க வாறாங்க. அந்தத் துண்டையும் இன்னிக்கே முடிச்சிரணும். முடியுமா?"

"இன்னும் நடந்து பாக்கலீங்க ஐயா."

"பன்னெண்டு வருஷமா யாரும் போகாத எடம். உள்ள என்னா இருக்கப் போவுது? கொழுந்தத் தராசுல நிறுத்துட்டுப் பொம்பளைங்க கீழ் ரோட்டுல வருவாங்க, சந்தனத்த அங்க நிப்பாட்டி மறிக்கச் சொல்லு. நீ ஓட்டு. முடியுமா, முடியாதா?"

"சரிங்க ஐயா" என்றேன்.

மகளே, இதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த நேரத்தில் இரண்டு பயம் இருந்தது. மெஷினைப் பற்றி ஒரு பயம், அந்த மனிதரைப் பற்றி ஒரு பயம். மெஷின் ஆளைக் கொல்லும் என்று தெரியும். அந்த மனிதரால் அதிகமாகப் போனால் என்னைத் திட்ட முடியும், வேலையை மாற்ற முடியும். அப்படியிருந்தும் நான் அவருக்குத்தான் பயந்தேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே இருந்தவர்களைப் பற்றிப் பயம் இருந்திருக்கும். நான் சரி என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. அவர் உண்மையிலேயே நம்பினார், எனக்கு ஓட்ட முடியும் என்று. உன் டிரைவர் அண்ணன் 'சரிங்க மிஸ்' என்று சொல்லும்போது நீயும் நம்புவாய். அதனால்தான் சொல்கிறேன், முடியுமா என்று அவரிடம் கேட்காதே. அந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே பதில்தான் உண்டு. "அண்ணே, இந்த எடத்துல எங்க ஒங்களுக்குப் பயமா இருக்கு?" என்று கேள். தனியாகக் கேட்காதே, எல்லார் முன்னாலும் கேள். பயம் இருப்பது வெட்கம் இல்லை என்று மற்றவர்களுக்கும் தெரியட்டும். அவர் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டுவார். கட்டாயம் காட்டுவார். ஓட்டுகிறவனுக்கு அது தெரியும்.

சந்தனம் கீழ் ரோட்டுக்குப் போனார். நான் மேலே பார்த்து ஓட்டினேன், கட்டரின் பின்பக்கம் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. இரண்டு வரிசை முடிந்தது. மூன்றாவதில் அலகு எதிலோ அடித்தது. கல்லில் அடித்தால் ஒரு சத்தம் வரும், கட்டையில் அடித்தால் ஒரு சத்தம். இது இரண்டும் இல்லை. நீளமாக ஒலித்தது. முன்னொரு காலத்தில் அங்கே தேயிலைக் கன்று வளர்க்கும் பந்தல் இருந்திருக்கிறது. அதன் இரும்புக் கால்களைப் பிடுங்காமல் விட்டிருக்கிறார்கள். நடந்து பார்த்திருந்தால் சந்தனத்தின் கத்தி அதில் தட்டியிருக்கும். நான் அலகு உடைந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சந்தனம் ரோட்டில் உட்கார்ந்திருந்தார். களைத்துப்போய் உட்கார்ந்தவரைப் போலத்தான் இருந்தது. நான் இறங்கி ஓடினேன். "என்னமோ கடிச்சிருச்சி அண்ணே" என்றார். தன் காலை அவர் இன்னும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் பார்த்துவிடக் கூடாது என்று அவர் முகத்தை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் வளைவில் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களை மறிக்கத்தான் அவரை அங்கே நிறுத்தினோம்.

பதுளைக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இதுவரை எழுதியதை ஒரு மாதிரியாக எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதற்குத்தான் பேனா ஓடவில்லை. நாலு நாள் கழித்து என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தமிழில் எழுதிய ஒரு தாளை என் முன்னால் வைத்தார்கள். அதில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சந்தனம் யாரும் சொல்லாமல் தானாகவே கீழ் ரோட்டுக்கு வந்து நின்றார் என்றும், மெஷினில் எல்லாப் பாதுகாப்பும் சரியாக இருந்தது என்றும் இருந்தது. கீழே என் பெயர். கண்டக்கையா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "இதுல கையெழுத்து வச்சிட்டா எல்லாருக்கும் நல்லது. இல்லாட்டி சங்கிலி இல்லாம ஓட்டினது நீன்னுதான் முடியும். வேல போவும், லயத்து வீடும் போவும். யோசிச்சுப் பாரு" என்றார். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அந்தத் தாளை முதலில் இருந்து கடைசி வரை படித்தேன். இன்னொரு தடவையும் படித்தேன். பிறகு கையெழுத்து வைத்தேன். உனக்கு அப்போது நாலு வயது. உன்னைக் காரணமாகச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் பேனாவைப் பிடித்தபோது உன் நினைப்பே எனக்கு வரவில்லை. அந்த அறையில் இருந்து வெளியே போனால் போதும் என்று மட்டும்தான் இருந்தது.

அந்தத் தாளினால் சந்தனத்துக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈடு எதுவும் கிடைக்கவில்லை. அவருடைய தவறு என்று முடித்தார்கள். அவர் மனைவியின் ஊரான வெலிமடைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். போகும் நாளில் லயத்து ஆட்கள் எல்லாரும் சாமான் தூக்கிக் கொடுத்தார்கள். நானும் ஒரு பெட்டியைத் தூக்கினேன். "நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க அண்ணே, அந்த மெஷின விட்டுருங்க" என்றார். ஒரு மாசத்தில் நானும் விட்டேன். அதன்பிறகு இருபது வருஷம் அவரைப் பார்க்கப் போகவில்லை. வெலிமடையில் இருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிவரும் லொறி இந்தக் கடை வாசலில் நிற்கும்போது, அதில் இருந்து அவர் இறங்கிவிடுவாரோ என்று உள்ளே போய்விடுவேன். உண்மையாகவே போயிருக்கிறேன், எத்தனையோ தடவை.

இந்தப் புதன்கிழமை முதலாளியிடம் லீவு கேட்டுக்கொண்டு வெலிமடைக்குப் போனேன். உன் போன் வந்திராவிட்டால் சாகும்வரை போயிருக்க மாட்டேன். மரக்கறி சேர்க்கும் ஒரு கொட்டகையில் அவர் பலகையில் உட்கார்ந்து லீக்ஸின் வேரை நறுக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலின் இடத்தில் செய்து மாட்டிய கால். என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு, "அண்ணே, வாங்க, வாங்க" என்று பக்கத்தில் சாக்கு விரித்தார். டீ வரவழைத்தார். அம்மாவைக் கேட்டார், உன்னைக் கேட்டார். நீ வெளிக்கள உத்தியோகத்தர் ஆகிவிட்டாய் என்றதும், "நம்ம லயத்துப் புள்ளையா?" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். திங்கட்கிழமை கட்டர் வைத்துக் காடு வெட்டப் போகிறாய் என்று சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன்.

"அது தெரியும் அண்ணே. அன்னிக்கே சொன்னாங்க. என்னமோ எழுதி வச்சிக்கிட்டு ஒங்கள ஏமாத்திக் கையெழுத்து வாங்கிட்டாங்க. நீங்க பாக்காம வச்சிருப்பீங்க. அத நான் மனசுல வைக்கல."

அவர் அப்படித்தான் இருபது வருஷமும் நினைத்திருக்கிறார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும், அப்படியே முடிந்திருக்கும். எழுந்து வந்திருக்கலாம். அந்தக் கணத்தில் எனக்கு வந்த பயத்தை, மகளே, அந்த மெஷினில் ஒரு நாள்கூட நான் அனுபவித்ததில்லை.

"படிச்சேன்" என்றேன்.

"என்னது?"

"ரெண்டு தடவ படிச்சேன் சந்தனம். படிச்சிட்டுத்தான் வச்சேன்."

அவர் கத்தியை எடுத்து ஒரு லீக்ஸை நறுக்கினார். இன்னொன்றை நறுக்கினார். ஒரு கட்டு முடியும்வரை நறுக்கினார். நான் அங்கேயே இருந்தேன். போ என்றால் போகலாம் என்று இருந்தேன். அவர் பேசியபோது 'அண்ணே' இல்லை.

"ஒங்க மகளுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. கடுதாசி எழுதப் போறேன்."

"எழுதுங்க. ஆனா கடுதாசிய அது நம்பலாம், நம்பாமலும் போகலாம். பெத்த அப்பன் இல்லையா, அது பாட்டுக்கு ஒரு ஞாயம் கண்டுபுடிக்கும். இந்தக் காலப் பாத்தா நம்பும்." கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "திங்கக்கெழம எத்தன மணிக்குத் தொடங்குது?" என்று கேட்டார்.

அம்மாவுக்கும் நான் புதன்கிழமை வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சந்தனத்து வீட்டு அக்காவ ஒவ்வொரு நாளும் தண்ணி புடிக்கிற பீலியில பாத்துப் பேசினேனே" என்றாள். அதற்குமேல் இன்றுவரை என்னோடு அதிகம் பேசவில்லை. நீயும் பேசாமல் இருந்தால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். உன் கட்டுரையில் இருந்த அப்பா நான் இல்லை என்பதை நீ உன் ஆட்கள் முன்னால் தெரிந்துகொள்வதைவிட, முன்னாலேயே உன் அறையில் தனியாக இருந்து தெரிந்துகொள்வது நல்லது என்றுதான் இதை அவசரமாக எழுதினேன். பசறை பஸ் டிரைவர் தெரிந்தவர், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு உன் கையில் இருக்கும்.

திங்கட்கிழமை காலையில் சந்தனம் ஏழு மணிக்கு பெரட்டுக் களத்துக்கு வந்துவிடுவார். அங்கேதானே ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பாய். வெலிமடையில் இருந்து அவர் தனியாக வருவதாகத்தான் சொன்னார், நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் போவேன். அவருக்கு நீண்ட நேரம் நிற்க முடியாது, ஒரு நாற்காலி போட்டு வை. டிரைவர் அண்ணனும் முன்னால் நடந்து பார்ப்பவர்களும் புல் வெட்டுகிற பெண்களும் எல்லாரும் இருக்கட்டும். நடந்து பார்க்க உன்னிடம் ஆளே இல்லை என்றால், அதைச் சந்தனத்திடமே சொல். அவர் கால்சட்டையை மடித்துக் காட்டுவார். யார் ஓட்டினார், யார் ஓட்டச் சொன்னார், யார் படித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார் என்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறார். நான் அவர் பக்கத்தில் நிற்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் நிற்பேன். என்னைப் பார்த்து அவரை இடையில் நிறுத்திவிடாதே. அவர் சொல்லி முடிக்கும்வரை அந்த மெஷினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லாதே.

உன் அப்பா